ஆறாவது பெட்டி

கோட்டமுனைக் கொட்டகைக்கு அந்த வெள்ளிக்கிழமை
ஐந்து படப்பெட்டிதான் வந்து சேர்ந்தது.
ஆறாவது, கல்லோயாச் சந்தியில்
ரயில் இரண்டாகப் பிரிந்தபோது
திருகோணமலைக்குப் போய்விட்டது.
ஒஸ்மண்ட் அந்திராடோ இதை யாருக்கும் சொல்லாமல்
மெஷினில் முதல் சுருளை மாட்டினார்.

நான் அதற்குமுன் குதிரையைப் பார்த்ததில்லை.
உதுமாலெப்பையின் ரேஸ் கடையில்
ஏழு வருடம் துண்டு எழுதியவன் நான்,
இங்கிலாந்தில் ஓடுகிற பெயர்களையெல்லாம்
தமிழில் எழுதித் தமிழில் வெட்டியவன்.
குதிரை என்றால் எனக்கு ஒரு பெயர், ஒரு விலை,
பின்னேரம் நாலரைக்கு வானொலியில் ஒரு கரகரப்பு.
கோயில் வாகனத்தைச் சேர்த்தால் ஒன்று பார்த்திருக்கிறேன்.
அதற்கு மூச்சில்லை.

இதற்கு இருந்தது.
விடிய முன்னம் பனியில் நின்றபோது
மூக்கால் புகை விட்டது.
"பீடி இழுக்குதுடா!" கலரி சிரித்தது.
பிறகு அது ஓடியது.
தோணிக்கயிறு விறைப்பதுபோல் கழுத்தில் ஒரு நரம்பு.
யாரும் சிரிக்கவில்லை.
இங்கிலீஷ் தெரிந்தவன்கூட
பக்கத்திலிருப்பவனுக்குக் கதை சொல்வதை விட்டுவிட்டான்.

கடைசி ஓட்டம், கடைசி வளைவு.
நமது குதிரை ஐந்தாவதாக.
நாலாவதாக.
திரை வெளுத்தது.
ஒரு பல்லி அதன் குறுக்கே
அவசரமில்லாமல் போனது.

சோடாப் போத்தல்கள் பறந்தபின்,
"ஞாயிற்றுக்கிழமை வரும், சத்தியமா வரும்" என்று
அந்திராடோ கதவிடுக்கால் கத்தியபின்,
வாசல் விளக்கின் கீழே
உதுமாலெப்பை கடையைத் திறந்தார்.
எல்லாரும் வெல்லும் என்றார்கள்.
ஒரே பக்கம் ஆள் ஏறினால் தோணி என்னாகும்?
இரண்டு ரூபாய்க்கு இருபத்தைந்து சதம், அதற்குமேல் இல்லை என்றார்.
வன்னியசிங்கப் போடியார்
வட்டைக்கு உரம் வாங்க வைத்திருந்த ஐம்பதை நீட்டினார்.

பக்கக் கதவோரம் நின்று பார்த்த சீனித்தங்கம்
கச்சான் சுளகை இறக்கி வைத்தாள்.
"எழுது தம்பி. வெல்லுமோ தோக்குமோ எனக்குத் தெரியா.
திரும்பி வராது எண்டு எழுது."
"அப்பிடி ஒரு துண்டு இல்ல கா."
"நீ எழுதினா இரிக்கும்.
அந்தப் பெட்டை அதுர நெத்தியில கொஞ்சினதப் பாத்தியா?
நாளைக்கும் பாக்கப்போற ஒண்ட
ஆரும் அப்பிடிக் கொஞ்சிறல்ல."
எழுதினேன்.
லெப்பை சிரித்துக்கொண்டே சல்லியை வாங்கினார்.

ஞாயிறு. ஆறாவது பெட்டி. பதினொரு நிமிடம்.
அது வென்றது.
ஒரு தலையளவு, அவ்வளவுதான்.
வாங்குகள் மேல் ஏறி நின்றார்கள்,
போடியாரின் சால்வை மேலே போய்
யார் தோளிலோ இறங்கியது.
கோட்டுக்கு அப்பால் நாலு பாய்ச்சல்.
முன்னங்கால் ஒன்று, நிலம் இருக்கிறது என்று நம்பி,
இல்லாத இடத்தில் ஊன்றியது.
முன்வரிசை முதலில் அடங்கியது.
பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்,
அது விழுந்த பிறகும்.
இரண்டு பேர் துணி பிடித்து மறைத்தார்கள்.
ஒரு வெடி.
அந்தப் பெட்டையின் தொப்பியை மட்டும்
வெகுநேரம் காட்டினார்கள்.

போடியார் ஐம்பத்தாறே காலை
எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார்.
சீனித்தங்கத்தின் துண்டை லெப்பை
விளக்கில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.
"இதுக்கு நான் விலை போடல்லியே."
என் கையெழுத்து. விலை இல்லைதான்.
அவளது இரண்டு ரூபாயை அப்படியே கொடுத்தார்.
முந்தானையில் முடிந்துகொண்டு,
"கச்சான் வேணுமா?" என்று கேட்டாள்.
இரண்டு பேரும் வாங்கினோம்.

திங்கள், நாலரை.
முதலாவது, இரண்டாவது...
பிறகு, வாசிப்பவர் எப்போதும்
மூச்சோடு மூச்சாய் விழுங்கிவிடும் அந்த வரி:
விழுந்தவை.
ஏழு வருடமாக என் காதால் போய்வந்த வரி.
ஒரு பெயர் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர்,
சனிக்கிழமை பதின்மூன்று துண்டில் எழுதியது.

"மூண்டாவது எது தம்பி?" என்றார் லெப்பை.
நான் எழுதியிருக்கவில்லை.